மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஒரு சிறு ஆர்என்ஏ உண்மையில் வேலை செய்கிறதா? சோதித்து அறிய முழுமையான வழிகாட்டி

செல்லின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் மாதிரியில் ஒரு மைக்ரோ ஆர்என்ஏ (தூது ஆர்என்ஏவோடு பிணைந்து புரத உற்பத்தியை மாற்றும், சுமார் 22 எழுத்து நீளமுள்ள சிறு ஆர்என்ஏ) தென்பட்டதுமே, அது அங்குள்ள மரபணுக்களைக் கட்டுப்படுத்துகிறது என்று எழுதிவிடும் அவசரம் இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்களிடம் அதிகம். தென்படுவதற்கும் உள்ளே இருப்பதற்கும் இடையே ஒரு தூரம் இருக்கிறது. உள்ளே இருப்பதற்கும் வேலை செய்வதற்கும் இடையே இன்னொரு தூரம். அந்த இரண்டையும் எந்த வரிசையில் கடப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி.

எடுத்துக்காட்டாக எலியின் தசை செல்களில் உள்ள மிர்-1 என்ற மைக்ரோ ஆர்என்ஏவை எடுத்துக்கொள்கிறேன். அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சென்று என்டி1, காக்ஸ்1 என்ற மைட்டோகாண்ட்ரிய மரபணுக்களின் தூது ஆர்என்ஏக்களிலிருந்து புரதம் உருவாவதை அதிகரிக்கிறது என்று 2014இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த முடிவை உங்கள் ஆய்வகத்தில் நீங்களே சோதித்துப் பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். வேறொரு சிறு ஆர்என்ஏவை எடுத்தாலும் வரிசை இதுதான்.

1. கேள்வியை நான்காகப் பிரியுங்கள்

"மிர்-1 மைட்டோகாண்ட்ரியாவைக் கட்டுப்படுத்துகிறதா?" என்ற ஒற்றைக் கேள்வியோடு வேலையைத் தொடங்காதீர்கள். குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் நான்கு கேள்விகளை எழுதுங்கள். அது மைட்டோகாண்ட்ரியாவின் இரண்டு சவ்வுகளில் உட்சவ்வுக்கு உள்ளே இருக்கிறதா? இருந்தால், இலக்கைப் பாதிக்கும் எண்ணிக்கையில் இருக்கிறதா? இலக்கு ஆர்என்ஏவோடு உயிருள்ள செல்லிலேயே பிணைகிறதா? அந்தப் பிணைப்பால் புரத உற்பத்தி மாறுகிறதா?

பலர் நான்காவது கேள்வியில் தொடங்குகிறார்கள். செயற்கை மிர்-1ஐ செல்லுக்குள் செலுத்திவிட்டு, புரத அளவைப் பார்ப்பது எளிது என்பதே காரணம். ஆனால் அதே மிர்-1 சைட்டோபிளாசத்தில் பல உட்கரு மரபணுக்களின் தூது ஆர்என்ஏக்களை அடக்குகிறது. அந்த மாற்றத்தின் எதிரொலியாகவே மைட்டோகாண்ட்ரியப் புரதங்கள் கூடவோ குறையவோ செய்யலாம். முதல் மூன்று விடைகள் கையில் இல்லாமல் நான்காவது விடைக்குப் பொருள் கிடையாது.

2. உள்ளே என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்

எலியின் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ 16,299 எழுத்துகள் கொண்ட வளையம். அதில் 37 மரபணுக்கள். புரதம் தருபவை 13 மட்டுமே. மற்றவை 22 கடத்து ஆர்என்ஏக்களும் 2 ரைபோசோம் ஆர்என்ஏக்களும். உட்கரு மரபணுக்களின் தூது ஆர்என்ஏக்களுக்கு முன்முனையில் இருக்கும் தொப்பி அமைப்பு இங்குள்ளவற்றுக்குக் கிடையாது. புரதக் குறியீடு ஏறக்குறைய முதல் எழுத்திலேயே தொடங்கிவிடும். குறியீடு முடிந்த பிறகு வரும் பகுதியும் மிகச் சிறியது, அல்லது இல்லை. ஆகவே ஒரு மைக்ரோ ஆர்என்ஏ பிணைய வேண்டுமானால், பெரும்பாலும் குறியீட்டுப் பகுதியின் மேலேயே பிணைய வேண்டும்.

இதிலிருந்து எதிரெதிர் திசைகளில் இரண்டு தவறுகள் வருகின்றன. டார்கெட்ஸ்கேன் போன்ற கருவிகள் உட்கரு மரபணுக்களின் பின்பகுதிகளில் இலக்கு தேடுபவை. அவற்றின் பட்டியலில் என்டி1 இல்லை என்பதால் இலக்கு இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள் சிலர். இரண்டு வரிசைகளையும் நாமே கொடுத்துப் பொருத்தம் தேடும் ஆர்என்ஏஹைப்ரிட் போன்ற கருவிதான் இங்கே பயன்படும்.

மற்றது, பொருத்தம் கிடைத்ததும் இலக்கு உறுதியாகிவிட்டது என்று நினைப்பது. மைக்ரோ ஆர்என்ஏவின் விதைப்பகுதி, அதாவது இலக்கோடு பொருந்த வேண்டிய முன்பகுதி, ஏழு எழுத்துகள். நான்கு எழுத்துகளால் ஏழெழுத்துச் சொற்களை 16,384 விதமாக எழுதலாம். எலியின் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவின் நீளமும் கிட்டத்தட்ட அதுவே. அதாவது எந்த மைக்ரோ ஆர்என்ஏவை எடுத்தாலும் டிஎன்ஏவின் ஒவ்வோர் இழையிலும் சராசரியாக ஒரு பொருத்தம் தற்செயலாகவே கிடைத்துவிடும். ஆறெழுத்துப் பொருத்தம் போதும் என்று தளர்த்தினால் அது நான்காக உயரும். கணினிப் பொருத்தத்தை எந்த இடத்தைச் சோதிப்பது என்பதற்கான குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதை ஆதாரமாக எண்ண வேண்டாம்.

சைட்டோபிளாசத்தில், மைக்ரோ ஆர்என்ஏவைத் தாங்கி நிற்கும் ஆர்கோனாட் 2 என்ற புரதம் தன் துணைப் புரதமான ஜிடபிள்யூ182 வழியாகத்தான் தூது ஆர்என்ஏவை அடக்குகிறது. 2014 ஆய்வில் ஜிடபிள்யூ182 மைட்டோகாண்ட்ரியாவுக்குள் காணப்படவில்லை. எனவே உள்ளே நடப்பது வழக்கமான அடக்குதலாகவே இருக்கும் என்ற எதிர்பார்ப்போடு போகாதீர்கள். புரதம் கூடினாலும் அது முறையான விடைதான்.

3. முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டியவை

செல்களுக்கு சி2சி12. இது எலியின் தசைமுன்செல் வகை. வளர்ப்புக் கலத்தை நிறைத்தபின் 2 சதவீதக் குதிரைச் சீரத்துக்கு மாற்றினால் சில நாட்களில் தசைக்குழல்களாக இணையும். அப்போதுதான் மிர்-1 உயரும். மாற்றத்துக்கு முந்தைய செல்களையும் சேமியுங்கள். மிர்-1 மிகக் குறைவாக உள்ள இயற்கையான கன்ட்ரோல் அவை.

பிரிப்புக் கரைசலில் 210 மில்லிமோலார் மானிடால், 70 மில்லிமோலார் சுக்ரோஸ், 10 மில்லிமோலார் ஹெப்பஸ், 1 மில்லிமோலார் ஈஜிடிஏ இருக்கட்டும். அமிலகாரத்தன்மை 7.4. சர்க்கரைகள் மைட்டோகாண்ட்ரியா ஊதி வெடிக்காமல் காக்கும். ஈஜிடிஏ கால்சியத்தைப் பிடித்துவைக்கும்; கால்சியம் சுதந்திரமாக இருந்தால் உட்சவ்வு கசியத் தொடங்கும். சவ்வைக் கரைக்கும் சோப்பு வகைப் பொருள் எதுவும் இந்தக் கரைசலுக்குள் வரக் கூடாது.

இறுக்கமான உலக்கையுள்ள கண்ணாடி டவுன்ஸ் ஹோமோஜினைசர், குளிரூட்டும் சென்ட்ரிஃபியூஜ், ஆர்என்ஏவைச் சிதைக்கும் ஆர்என்ஏஸ் ஏ, புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே, அதை நிறுத்தும் பிஎம்எஸ்எஃப், சவ்வுகளைத் திறக்க டிஜிடோனின், டிரைட்டான் எக்ஸ்-100, ஆர்என்ஏ பிரித்தெடுக்க டிரைசால் ஆகியவையும் வேண்டும். பிஎம்எஸ்எஃப் தண்ணீரில் விரைவில் செயலிழக்கும். ஐசோபுரோப்பனாலில் கரைத்துவைத்து, பயன்படுத்தும் நொடியில் சேர்க்க வேண்டும்.

ஆர்என்ஏஸ் ஏ-வுக்குத் தனி மேசை, தனி பிப்பெட், தனிக் குப்பைப் பை ஒதுக்குங்கள். அது கொதிநீரில்கூட எளிதில் அழியாத நொதி. ஆர்என்ஏ பிரித்தெடுக்கும் இடத்துக்கு ஒரு துளி போனால், ஆய்வகத்தில் எல்லோருடைய மாதிரிகளும் காரணம் தெரியாமல் சிதையும்.

4. செல்லை மென்மையாக உடையுங்கள்

தசைக்குழல்களைக் குளிர்ந்த உப்புக்கரைசலில் கழுவி, பிரிப்புக் கரைசலில் எடுத்து, டவுன்ஸில் இடியுங்கள். உலக்கையை வேகமாக மேலே இழுத்தால் கீழே வெற்றிடம் உண்டாகி நுரை எழும்பும். அந்த நுரை மைட்டோகாண்ட்ரியாவையும் சேர்த்துக் கிழிக்கும். எனவே மெதுவாக, நுரை வராமல் இடிக்க வேண்டும்.

எத்தனை முறை இடிப்பது என்பதற்கு எழுதிவைத்த எண் எதுவும் உதவாது. ஐந்தைந்து இடிகளுக்கு ஒரு முறை ஒரு சொட்டு எடுத்து, டிரைபான் நீலச் சாயத்தோடு நுண்ணோக்கியில் பாருங்கள். சாயம் ஏறியவை உடைந்த செல்கள். முக்கால்வாசி உடைந்ததும் நிறுத்திவிடுங்கள். எல்லாவற்றையும் உடைக்க நினைத்தால் உட்கருக்களும் உடைந்து, டிஎன்ஏ கசிந்து, கரைசல் கோழையாக இழுபடும். அப்படி ஆகிவிட்டால் அந்த மாதிரியைக் கைவிடுங்கள். அதை மீட்க முயன்று பெற்ற முடிவு எதையும் நம்ப முடியாது.

5. படிப்படியாகச் சுழற்றிப் பிரியுங்கள்

முதலில் புவியீர்ப்பின் 600 மடங்கு விசையில் 10 நிமிடம், 4 பாகை செல்சியஸில். உட்கருக்களும் உடையாத செல்களும் அடியில் தங்கும். மேல்திரவத்தை வேறு குழாய்க்கு மாற்றி, அதே சுழற்சியை இன்னொரு முறை செய்யுங்கள். இந்த இரண்டாம் சுற்றை நேரம் மிச்சம் என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. உட்கருக் கலப்பு பெரும்பாலும் அங்கேதான் வருகிறது.

பிறகு மேல்திரவத்தை 10,000 மடங்கு விசையில் 10 நிமிடம் சுழற்றுங்கள். குழாயின் அடியில் பழுப்பு நிறத்தில் அழுத்தமான ஒரு படிவு இருக்கும். அதன் மேலும் ஓரங்களிலும் வெண்மையாக, பஞ்சுபோல் தளர்ந்த ஓர் அடுக்கு தெரியும். பழுப்புதான் நமக்கு வேண்டியது. வெள்ளை அடுக்கில் சிதைந்த சவ்வுகளும் எண்டோபிளாச வலையின் துண்டுகளும் இருக்கின்றன. சிறிது கரைசலை ஓரமாக விட்டு மெல்லச் சுழற்றினால் வெள்ளை அடுக்கு மட்டும் மிதந்து வரும். அதை உறிஞ்சி அகற்றுங்கள். பழுப்புப் படிவில் கொஞ்சம் இழப்பு ஏற்பட்டாலும் கவலை வேண்டாம். இந்த வேலையில் அளவைவிடத் தூய்மை முக்கியம்.

இந்த 10,000 மடங்கு சுழற்சிக்குப் பின் கிடைக்கும் மேல்திரவத்தில் ஒரு பகுதியைச் சைட்டோபிளாச மாதிரியாக எடுத்துவைக்க மறக்காதீர்கள். அடுத்த படியே அதை நம்பித்தான் இருக்கிறது.

விசையைச் சுற்று எண்ணிக்கையாகக் குறித்துவைக்கும் பழக்கம் வேண்டாம். சுழலியின் ஆரம் மாறினால் அதே சுற்று எண்ணிக்கை வேறு விசையைத் தரும்.

6. வெளியே ஒட்டியிருப்பதை அழித்துவிடுங்கள்

மொத்த வேலையும் நிற்பதும் விழுவதும் இந்தப் படியில்தான். மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் சைட்டோபிளாச ரைபோசோம்களும் ஆர்கோனாட் புரதங்களும் எண்டோபிளாச வலையின் துண்டுகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். கழுவினால் போகாது. அவற்றில் மிர்-1ம் இருக்கும்.

வழக்கமான அறிவுரை, ஆர்என்ஏஸ் ஏ சேர்த்து வெளி ஆர்என்ஏவைச் சிதைப்பது. அப்படிச் செய்து, சைட்டோபிளாச ரைபோசோமின் 18எஸ் ஆர்என்ஏ மறைந்துவிட்டது, மிர்-1 மிஞ்சியிருக்கிறது, ஆகவே அது உள்ளே இருக்கிறது என்று எழுதுகிறார்கள். இது தவறான வாதம். ஆர்கோனாட் தன் மைக்ரோ ஆர்என்ஏவைப் புரத மடிப்புக்குள் பொதிந்து வைத்திருக்கிறது. ஆர்என்ஏஸ் அதை எளிதில் எட்ட முடியாது. வெளியே ஒட்டியிருக்கும் மிர்-1கூட இதே சோதனையில் தப்பிப் பிழைக்கும். பாதுகாத்தது மைட்டோகாண்ட்ரியாவின் சவ்வா, ஆர்கோனாட்டின் மடிப்பா என்பதைப் பிரித்தறிய வேண்டும்.

அதற்கு ஆறு குழாய்கள் வேண்டும்.

முதல் குழாயில் எந்த நொதியும் சேர்க்காத மைட்டோகாண்ட்ரியா. இரண்டாவதில் ஆர்என்ஏஸ் ஏ மட்டும். மூன்றாவதில் முதலில் புரோட்டினேஸ் கே, பிறகு ஆர்என்ஏஸ் ஏ. நான்காவதில் டிஜிடோனினால் வெளிச்சவ்வைத் திறந்த மைட்டோகாண்ட்ரியா, அதன் மேல் அதே இரண்டு நொதிகள். ஐந்தாவதில் டிரைட்டான் சேர்த்து எல்லாச் சவ்வையும் கரைத்தபின் அதே இரண்டு நொதிகள். ஆறாவதில் எடுத்துவைத்த சைட்டோபிளாச மாதிரி, அதே இரண்டு நொதிகளோடு.

புரோட்டினேஸ் கே-யை முதலில் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் அது ஆர்என்ஏஸையே தின்றுவிடும். புரோட்டினேஸ் வேலை முடிந்ததும் பிஎம்எஸ்எஃப் சேர்த்து நிறுத்தி, கழுவி, பிறகு ஆர்என்ஏஸ் சேர்க்க வேண்டும். ஆர்என்ஏஸ் முடிந்ததும் மும்முறை கழுவி, படிவின் மேல் நேராக டிரைசாலை ஊற்றுங்கள். சுழற்றினால் படிவு கிடைக்காத ஐந்தாவது, ஆறாவது குழாய்களில் கழுவும் வேலை இல்லை. பிஎம்எஸ்எஃப்பால் நிறுத்தியபின் ஆர்என்ஏஸை நேரடியாகச் சேர்த்து, கடைசியில் டிரைசாலையும் அப்படியே ஊற்றிவிடலாம்.

டிஜிடோனின் வெளிச்சவ்வில் உள்ள கொலஸ்ட்ராலைப் பற்றித் துளையிடுகிறது. உட்சவ்வில் கொலஸ்ட்ரால் மிகக் குறைவு என்பதால் அது தப்பும். ஆனால் அளவு கூடினால் உட்சவ்வும் போய்விடும். ஒரு மில்லிகிராம் மைட்டோகாண்ட்ரியப் புரதத்துக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம் என்று தொடங்கி, அடுத்த படியில் சொல்லும் புரதங்களைப் பார்த்து அளவைச் சீராக்குங்கள்.

ஆறு குழாய்களையும் எப்படிப் படிப்பது? ஆறாவதில் மிர்-1 மறைய வேண்டும். மறையவில்லை என்றால் நொதிகள் ஆர்கோனாட்டின் பொதிவை உடைக்கவில்லை. மற்ற குழாய்களில் கிடைத்த எந்த எண்ணையும் நம்பாமல், புரோட்டினேஸின் அளவையும் நேரத்தையும் கூட்டித் திரும்பச் செய்யுங்கள். ஐந்தாவதில் எல்லாமே மறைய வேண்டும், மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த 12எஸ் ரைபோசோம் ஆர்என்ஏ உட்பட. இரண்டும் சரியாக இருந்து, நான்காவதில் மிர்-1 மிஞ்சியிருந்தால் மட்டுமே "உட்சவ்வுக்கு உள்ளே" என்று சொல்லலாம். மூன்றாவதில் மிஞ்சி நான்காவதில் மறைந்தால், அது இரண்டு சவ்வுகளுக்கும் இடையில் இருந்திருக்கிறது. அங்கே மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவும் இல்லை, ரைபோசோமும் இல்லை.

ஆறாவது குழாயை வைக்காமல் வந்த ஆய்வு முடிவுகளைப் படிக்கும்போதும் இதே கண்டிப்போடு படியுங்கள்.

7. தூய்மையைப் புரதத்திலும் ஆர்என்ஏவிலும் சரிபாருங்கள்

அதே ஆறு குழாய்களிலிருந்தும் ஒரு பகுதியை, ஆன்டிபாடியால் புரதங்களைக் கண்டறியும் வெஸ்டர்ன் பிளாட்டுக்கு எடுங்கள். டாம்20 வெளிச்சவ்வில் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் புரதம். மூன்றாவது குழாயிலேயே மறைய வேண்டும். டிம்23 உட்சவ்வில் இருந்தாலும் அதன் ஒரு பகுதி இடைவெளியை நோக்கியிருக்கிறது. மூன்றாவதில் தப்பி நான்காவதில் சிதைய வேண்டும். எச்எஸ்பி60 உட்புறத்தில் இருப்பது. நான்கிலும் தப்பி ஐந்தில் மட்டும் மறைய வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து ஒவ்வொரு சவ்வும் எங்கே திறந்தது, எங்கே மூடியிருந்தது என்பதைச் சொல்லிவிடும்.

கலப்பை அறிய சைட்டோபிளாசத்துக்கு டியூபுலின், உட்கருவுக்கு ஹிஸ்டோன் எச்3, எண்டோபிளாச வலைக்கு கால்நெக்சின். கால்நெக்சினைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எண்டோபிளாச வலை மைட்டோகாண்ட்ரியாவோடு இணைப்புப் புள்ளிகளால் பிணைந்திருப்பதால், மிக எளிதில் கூடவே வரும் கலப்பு அதுதான்.

ஆர்என்ஏவில் 12எஸ், என்டி1 இரண்டும் இருக்க வேண்டும். 18எஸ், ஆக்டின் தூது ஆர்என்ஏ, உட்கருவின் சிறு ஆர்என்ஏவான யு6 ஆகியவை இல்லாமல் போக வேண்டும். 5எஸ் ரைபோசோம் ஆர்என்ஏவைக் கலப்பின் அடையாளமாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இறக்குமதியாகிறது என்று சொல்லும் ஆய்வுகள் இருப்பதால், அது தென்பட்டாலும் உங்களால் எதையும் முடிவு செய்ய இயலாது.

8. ஆர்என்ஏவை எடுத்து எண்ணுங்கள்

சாதாரண சிலிக்கா வடிகுழல்கள் 200 எழுத்துகளுக்குக் குறைந்த ஆர்என்ஏவைக் கழிவோடு அனுப்பிவிடும். சிறு ஆர்என்ஏவைத் தக்கவைக்கும் வகையையே வாங்குங்கள்.

மிர்-1க்கு இன்னொரு சிக்கல் உண்டு. அதன் 22 எழுத்துகளில் ஏ ஒன்பது, யு ஏழு, ஜி ஆறு. சி ஒன்றுகூட இல்லை. ஜி, சி குறைவான சிறு ஆர்என்ஏக்கள், மாதிரியில் மொத்த ஆர்என்ஏ குறைவாக இருக்கும்போது டிரைசால் முறையில் படியாமல் தவறிப்போகலாம். ஆறு குழாய்களிலும் மொத்த ஆர்என்ஏ அளவு வெவ்வேறாக இருப்பதால் இழப்பும் வெவ்வேறாக இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே அளவு கிளைக்கோஜன் சேர்த்துப் படியவையுங்கள். டிரைசால் ஊற்றியவுடன் எலியில் இல்லாத ஒரு செயற்கை மைக்ரோ ஆர்என்ஏவை, வழக்கமாக சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் புழுவின் மிர்-39ஐ, அளந்து சேருங்கள். இழப்பு எவ்வளவு என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

எண்ணிக்கைகளைச் சமப்படுத்தவும் அந்தப் புழு ஆர்என்ஏவையே பயன்படுத்துங்கள். மைக்ரோ ஆர்என்ஏ ஆய்வில் பழகிய கை தானாக யு6ஐ நோக்கிப் போகும். யு6 உட்கருவைச் சேர்ந்தது. மைட்டோகாண்ட்ரியா தூய்மையாக ஆக ஆக அது குறையும். அதால் வகுத்தால் மாதிரி எவ்வளவு தூய்மையோ அவ்வளவுக்கு மிர்-1 பொய்யாக உயரும்.

மிர்-1க்கும் மிர்-206க்கும் விதைப்பகுதி ஒன்றே. முதல் பத்து எழுத்துகளும் ஒன்றே. சி2சி12 தசைக்குழல்களில் இரண்டுமே உயரும். வால் எழுத்துகளைப் பற்றிக்கொள்ளும் தண்டு-வளைய பிரைமர் கொண்ட பிசிஆர் முறை இவற்றைப் பிரித்துக்காட்டும். செயற்கை மிர்-206ஐ மட்டும் கொடுத்து, உங்கள் மிர்-1 பிரைமர் அமைதியாக இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

கடைசியாக எண்ணிக்கை. செயற்கை மிர்-1இன் தெரிந்த அளவுகளைக் கொண்டு அளவுகோல் வரைந்து, ஒரு செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எத்தனை மூலக்கூறுகள் என்று கணக்கிடுங்கள். என்டி1 தூது ஆர்என்ஏவையும் அதேபோல் எண்ணுங்கள். மைட்டோகாண்ட்ரியத் தூது ஆர்என்ஏக்கள் செல்லில் மிக அதிகமாக உள்ளவை. இதயத் தசையில் மொத்தத் தூது ஆர்என்ஏவில் சுமார் 30 சதவீதம்வரை அவையே. ஆயிரம் என்டி1 மூலக்கூறுகளுக்கு ஒன்றிரண்டு மிர்-1 தான் உள்ளே இருக்கிறது என்று தெரிந்தால், அடுத்த படிகளுக்குப் பணம் செலவழிக்கும் முன் நின்று யோசியுங்கள்.

9. வரிசையறிதல் செய்வதானால்

எல்லாச் சிறு ஆர்என்ஏக்களையும் ஒருங்கே பார்க்க விரும்புபவர்கள் மட்டும் இந்தப் படியைச் செய்தால் போதும். ஆனால் இரண்டு பள்ளங்கள் உள்ளன.

மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவின் பழைய பிரதிகள் உட்கருக் குரோமோசோம்களிலும் படிந்துகிடக்கின்றன. எலியின் ஒன்றாம் குரோமோசோமில் சுமார் 4,600 எழுத்து நீளமுள்ள ஒரு பிரதி, மூலத்தோடு ஏறக்குறைய அப்படியே ஒத்துப்போகும். மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவோடு மட்டும் பொருத்தினால் உட்கருவிலிருந்து வந்ததும் உள்ளே சேரும். இரண்டோடும் பொருத்தி, பல இடங்களில் பொருந்துவதை எல்லாம் நீக்கினால், அந்தப் பகுதியில் உண்மையான மைட்டோகாண்ட்ரிய ஆர்என்ஏவும் காணாமல் போகும். இரண்டு வழிகளிலும் எண்ணி, வேறுபாட்டைப் பதிவு செய்யுங்கள். மனித செல்களில் வேலை செய்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று: மனித மரபணுத்தொகுதியின் எச்ஜி19 பதிப்பின் பழைய கோப்புகளில் உள்ள மைட்டோகாண்ட்ரிய வரிசை 16,571 எழுத்துகள் கொண்ட வேறொன்று. இன்று ஏற்கப்பட்ட மேற்கோள் வரிசை 16,569 எழுத்துகள். இரண்டையும் கலந்தால் ஆயங்கள் நழுவும்.

அடுத்தது சிதைவுத் துண்டுகள். மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ முழுவதும் நீளமான ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்பட்டு, பிறகே வெட்டப்படுகிறது. ஆகவே எந்த இடத்தைப் பார்த்தாலும் சிறு துண்டுகள் கிடைக்கும். கடத்து ஆர்என்ஏவில் உள்ள வேதிமாற்றங்களில் தலைகீழ்ப்படியெடுக்கும் நொதி நின்றுவிடுவதால், இல்லாத முனைகளும் தோன்றும். பல மாதிரிகளில் ஒரே எழுத்தில் கூர்மையாகத் தொடங்கி ஒரே எழுத்தில் முடியும் துண்டுகளை மட்டும் மேலும் ஆராயுங்கள்.

10. பிணைப்பை உயிருள்ள செல்லிலேயே உறையவையுங்கள்

ஆர்கோனாட் 2ஐ ஆன்டிபாடியால் இழுத்து, கூடவே என்டி1 வருகிறதா என்று பார்ப்பதுதான் சோதனை. செல்லை உடைத்தபின் இழுத்தால், உடைந்த கலவையில் சைட்டோபிளாச ஆர்கோனாட்டும் மைட்டோகாண்ட்ரிய ஆர்என்ஏவும் முதன்முதலாகச் சந்தித்துப் பிணையக்கூடும். அதனால் உடைக்கும் முன்பே, வளர்ப்புத் தட்டிலேயே 254 நானோமீட்டர் புற ஊதா ஒளியைப் பாய்ச்சுங்கள். அந்த நொடியில் தொட்டுக்கொண்டிருந்த புரதமும் ஆர்என்ஏவும் நிரந்தரமாக இணையும். பிறகு மைட்டோகாண்ட்ரியாவைப் பிரித்து, ஆறாம் படியின் நான்காவது குழாய் முறைப்படி வெளிப்புறத்தைச் சுத்தம் செய்து, அதன் பின்னரே கரைத்து இழுங்கள்.

இங்கே புரோட்டினேஸ் கே முழுமையாக நிற்கவில்லை என்றால், கரைத்த மறுகணமே ஆர்கோனாட்டைத் தின்றுவிடும். பிஎம்எஸ்எஃப்பைக் கழுவும் கரைசல்களிலும் புதிதாகச் சேருங்கள். ஆர்கோனாட் 2 இல்லாத செல்களிலும் இதே இழுப்பைச் செய்து பாருங்கள். ஆன்டிபாடி வேறு எதையாவது பிடிக்கிறதா என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்டும் கன்ட்ரோல் இல்லை.

11. விளைவை அளவிடுங்கள்

செயற்கை மிர்-1, விதைப்பகுதி மாற்றப்பட்ட செயற்கை மிர்-1, மிர்-1ஐ முடக்கும் எதிர் இழை என்று மூன்றையும் தனித்தனியாகச் செலுத்துங்கள். விதை மாறியதும் விளைவு மறைந்தால், வரிசைப் பொருத்தம் தேவைப்படுகிறது என்று பொருள். உள்ளே நடப்பதையும் சைட்டோபிளாசத்தின் எதிரொலியையும் பிரிக்க ஜிடபிள்யூ182ஐக் குறையுங்கள். சைட்டோபிளாச அடக்குதல் தளர்ந்தபின்னும் என்டி1 கூடுதல் அப்படியே நின்றால், காரணம் உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம். ஆர்கோனாட் 2ஐக் குறைத்தால் அந்தக் கூடுதல் மறைய வேண்டும். 2014 ஆய்வு மிர்-1 பற்றிச் சொன்னதும் இந்த அமைப்பைத்தான்: ஆர்கோனாட் 2 தேவை, ஜிடபிள்யூ182 தேவையில்லை.

அளக்கும் வரிசை முக்கியம். முதலில் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவின் அளவு, பிறகு தூது ஆர்என்ஏக்களின் அளவு, அதன்பின் புதிய புரத உற்பத்தி, இறுதியில் மொத்தப் புரதம். டிஎன்ஏவே பெருகியிருந்தால் எல்லாப் புரதங்களும் கூடும். அதற்கு மிர்-1 உள்ளே போக வேண்டிய அவசியமே இல்லை.

புதிய புரத உற்பத்திக்கு, ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் எமட்டின் கொடுத்துச் சைட்டோபிளாச ரைபோசோம்களை நிறுத்திவிட்டு, கதிரியக்க கந்தகம்-35 ஏற்றிய மெத்தியோனினை ஊட்டுங்கள். அந்த இடைவெளியில் உருவாவது மைட்டோகாண்ட்ரியாவின் 13 புரதங்கள் மட்டுமே. ஜெல்லில் அவற்றின் பட்டைகளைப் பார்க்கலாம். ஒரு தட்டில் குளோரம்பெனிகாலும் சேருங்கள். அதில் எல்லாப் பட்டைகளும் மறைய வேண்டும். மறையாதவை எமட்டினுக்குத் தப்பிய சைட்டோபிளாசப் புரதங்கள்.

கதிரியக்க அனுமதி இல்லாத ஆய்வகங்கள் மெத்தியோனினுக்குப் பதிலாக ஹோமோபுரோபார்கில்கிளைசின் பயன்படுத்தி, பிறகு ஒளிர்சாயம் இணைக்கலாம். வளர்ப்புத் திரவத்தில் மெத்தியோனின் அறவே இருக்கக் கூடாது என்பதை மட்டும் கவனியுங்கள்.

12. முடிவை எப்படிப் படிப்பது

13 பட்டைகளும் ஒரே விகிதத்தில் கூடினால், நேரடிக் கட்டுப்பாடு என்று எழுத வேண்டாம். பொதுவான தூண்டுதலைத்தான் பார்க்கிறீர்கள். பிணைப்பில் இழுபட்ட என்டி1, காக்ஸ்1 மட்டும் கூடி, அவற்றின் தூது ஆர்என்ஏ அளவு மாறாமல் இருந்தால், புரத உற்பத்தி நிலையில் நடக்கும் நேரடிக் கட்டுப்பாட்டுக்கு அது நல்ல சான்று.

இலக்கு இடத்தை மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவிலேயே மாற்றிப் பார்ப்பதுதான் இறுதிச் சோதனை. வழிகாட்டி ஆர்என்ஏவை உள்ளே அனுப்பும் நம்பகமான வழி இல்லாததால் மரபணுத் திருத்தக் கருவியான கிரிஸ்பர் இங்கே கைகொடுப்பதில்லை. 2020இல் அறிமுகமான, வழிகாட்டி ஆர்என்ஏ தேவைப்படாத டிடிசிபிஈ திருத்திகள் சி என்ற எழுத்தை டி-யாக மாற்றுகின்றன. உங்கள் இலக்கில் பொருத்தமான இடத்தில் சி இருந்து, அமினோ அமிலம் மாறாமல் திருத்த முடிந்தால் முயலுங்கள்.

மிர்-1 எந்த வாசல் வழியாக உள்ளே போகிறது என்று ஆய்வு மதிப்பீட்டாளர்கள் கேட்பார்கள். பிஎன்பேஸ் என்ற புரதம் சில ஆர்என்ஏக்களின் இறக்குமதிக்கு உதவுகிறது என்று 2010இல் ஓர் ஆய்வு காட்டியது. அதை உங்கள் மிர்-1க்கும் பொருத்தி எழுத வேண்டுமானால், பிஎன்பேஸைக் குறைத்த செல்களில் ஆறு குழாய்ச் சோதனையை மீண்டும் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை என்றால் வாசலைப் பற்றி எழுதாமல் விடுவதே நேர்மை.

13. இறக்குமதி தேவைப்படாத சிறு ஆர்என்ஏவை எடுத்தால்

என்னிடம் தலைப்புக் கேட்டு வரும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது 7எஸ் ஆர்என்ஏ. சுமார் 200 எழுத்து நீளமுள்ள இது மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே, டிஎன்ஏவின் லேசான இழையின் தொடக்கியிலிருந்து (படியெடுப்பு தொடங்கும் இடம்) உருவாகிறது. 2022இல் வெளியான ஆய்வின்படி, இது மைட்டோகாண்ட்ரிய ஆர்என்ஏ பாலிமரேஸோடு பிணைந்து இரண்டு பாலிமரேஸ்களை ஜோடியாக்கிவிடுகிறது. ஜோடியான பாலிமரேஸால் தொடக்கியில் அமர முடியாது, படியெடுப்பு நின்றுபோகிறது. உள்ளேயே பிறந்து உள்ளேயே வேலை செய்வதால், ஆறாம் படியின் பெரிய சிக்கல் இங்கே எழுவதே இல்லை.

வேறு இடறல்கள் உண்டு. 7எஸ் டிஎன்ஏ என்பது வேறு. அதே மைட்டோகாண்ட்ரியாவில் இருக்கும், ஆனால் டிஎன்ஏ. 7எஸ்எல், 7எஸ்கே இரண்டும் உட்கரு மரபணுக்களிலிருந்து வரும் ஆர்என்ஏக்கள். விலைப்பட்டியலில் பெயரைப் பார்த்துப் பிரைமர் வாங்கினால் தவறானது வந்து சேரும். 7எஸ் டிஎன்ஏ அளவீட்டில் கலக்காமலிருக்க, டிஎன்ஏஸ் கொண்டு மாதிரியைச் சுத்தம் செய்வது கட்டாயம்.

அளவிடுவதில்தான் பெரும் பிழை நடக்கிறது. லேசான இழையின் தொடக்கியிலிருந்து புறப்படும் நீண்ட ஆர்என்ஏவின் முதல் 200 எழுத்துகளும் 7எஸ் ஆர்என்ஏவும் ஒன்றே. அந்தப் பகுதிக்குப் பிரைமர் வைத்துப் பிசிஆர் செய்தால் இரண்டும் சேர்ந்தே எண்ணப்படும். படியெடுப்பு அதிகரித்ததா, 7எஸ் அதிகரித்ததா என்று பிரிக்க முடியாது. அவை இரண்டும் எதிரெதிர் முடிவுகள். ஆர்என்ஏக்களை நீளவாரியாகப் பிரித்துக்காட்டும் நார்தர்ன் பிளாட் செய்து, சுமார் 200 எழுத்து நீளத்தில் தனிப் பட்டையாக நிற்பதை மட்டும் 7எஸ் ஆர்என்ஏ என்று எண்ணுங்கள்.